எங்கள் கிணற்றைப் பற்றி ஒரு பேப்பர்

1

போன வாரம் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பனிக்குப் போடுகிற பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்பே, "அம்மா, எனக்கு ஒரு டாபிக் வேணும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒரு பக்கம் கட்டுரை எழுத வேண்டுமாம். எதைப் பற்றி என்று நூலகத்துக்குப் போய் அவளே கண்டுபிடிக்க வேண்டுமாம். "எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுது, கிணற்றைப் பற்றி மட்டும் எழுதாதே" என்றேன். "நம்ம ஊர்ல ஏதும்மா கிணறு? குழாய்தானே" என்றாள், அதையும் ஆங்கிலத்தில். அவளுக்கு நம்ம ஊர் என்றால் இந்த ஊர்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு டாபிக் தேடப் போய்ப் பிறந்த வீட்டையே தொலைக்க இருந்தவள் நான். 

என் கணவர் இங்கே ஒரு விவசாயக் கல்லூரியில் மண் ஆராய்ச்சி செய்கிறார். அமெரிக்காவின் நடுவில், எந்தப் பக்கம் திரும்பினாலும் மக்காச்சோளம் நிற்கிற சின்ன ஊர். அங்கே வேலை பார்க்கிறவர்களின் மனைவிமார் விரும்பினால் கல்லூரியில் சேர்ந்து படிக்கலாம் என்று ஒரு சலுகை உண்டு. வீட்டில் உட்கார்ந்து பனியை வேடிக்கை பார்ப்பதற்குப் படித்தாவது தொலைக்கலாமே என்று நானும் போனேன். பதிவு அலுவலக ஜன்னலில் இருந்த பெண் குடும்பப் பெயர் கேட்டாள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் என்றேன். ஓர் எழுத்து பெயராகாது என்றாள். நான் சொல்ல, அவள் மறுக்க, பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் என் கணவரின் பெயரையே குடும்பப் பெயராகப் போட்டு அட்டையைக் கையில் கொடுத்துவிட்டாள். வகுப்பில் ஆசிரியர் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம், இவர் எங்கே இங்கே வந்தார் என்று கதவைத் திரும்பிப் பார்ப்பேன்.

2

நான் எடுத்துக்கொண்டது கிராம வாழ்க்கையைப் பற்றிய பாடம். ஆசிரியர் மேசை மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு பாடம் நடத்துவார். முதலில் எனக்கு அதுவே தாங்கவில்லை. பருவம் முடிவதற்குள் ஆளுக்கொரு பேப்பர் எழுத வேண்டும் என்று அவர் சொன்னதும், மறுநாள் இரண்டு ஆரஞ்சுப் பழத்தோடு அவர் அறை வாசலில் போய் நின்றேன். பெரிய மனிதர்களைப் பார்க்க வெறுங்கையோடு போய் நமக்குப் பழக்கமில்லை. எலுமிச்சம்பழம்தான் கொண்டுபோக வேண்டும், அன்றைக்குக் கடையில் அது கிடைக்கவில்லை.

"எனக்கு ஒரு டாபிக் கொடுங்கள் சார்" என்றேன்.

பழத்தை வாங்கிக்கொண்டார். டாபிக் கொடுக்கவில்லை. "உங்களுக்கு எதைத் தெரிந்துகொள்ள ஆசையோ அதுதான் உங்கள் டாபிக். நூலகத்தில் தேடுங்கள்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கொடுப்பதற்குத்தானே ஆசிரியர்? தேடுவதற்கு நான் என்ன மாட்டையா தொலைத்துவிட்டேன்?

சின்னாளபட்டிப் பக்கம் நான் படித்த கல்லூரியில் இந்த வம்பே கிடையாது. ஐம்பதுகளின் நடுவில் அங்கே படித்தேன். சார் கரும்பலகையில் தலைப்பை எழுதுவார், எல்லோரும் அதையே எழுதுவோம். நூலகம் நீளமான ஓட்டுக் கட்டடம். கண்ணாடி பீரோக்கள், ஒவ்வொன்றிலும் பூட்டு. திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பூட்டுக்கா பஞ்சம்? சீட்டில் புத்தகத்தின் பெயரை எழுதி நூலகர் மேசையில் வைத்துவிட்டு நிற்க வேண்டும். அவர் தங்கமான மனிதர். கேட்ட புத்தகம் இல்லையென்றால் பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வராது. ஏறக்குறைய அதே கனத்தில் வேறொன்றை எடுத்து நீட்டுவார்.

"இதையும் படிச்சு வையிம்மா. படிச்சது எங்கிட்டுப் போகப் போகுது?" என்பார்.

கூட்டுறவுச் சங்கம் பற்றிக் கேட்டுவிட்டுத் தேனீ வளர்ப்பை வாங்கி வந்திருக்கிறேன். பெண்களுக்கென்று ஜன்னலோரம் ஒரு மேசை இருந்தது. அங்கே உட்கார்ந்து சிறுமலையைப் பார்த்துக்கொண்டே தேனீக்களைப் பற்றிப் படித்த மத்தியானங்கள் நன்றாகத்தான் இருந்தன. எனக்கு என்ன வேண்டும் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

3

இங்கே நூலகம் மூன்று மாடி. எங்கேயும் பூட்டு இல்லை. அது தெரியாமல் நான் பழைய வழக்கப்படி ஒரு சீட்டில் 'இந்திய விவசாயம்' என்று எழுதி முன் மேசையில் வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். நின்றேன், நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். மேசையில் இருந்த மிஸஸ் லார்சன் என் வயதுக்காரி. யாருக்காகவோ காத்திருக்கிறேன் என்று நினைத்து, உட்கார நாற்காலி வேண்டுமா என்று கேட்டாள். விஷயம் தெரிந்ததும் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அட்டைகள் அடுக்கிய இழுப்பறைகளிடம் கூட்டிப்போனாள். நான் எழுதிய தலைப்புக்கு ஓர் இழுப்பறை நிறைய அட்டை இருந்தது.

"இவ்வளவும் படிப்பீர்களா?"

"மாட்டேன்."

"அப்படியானால் இன்னும் சின்னதாகக் கேளுங்கள்."

சென்னை ராஜ்யம் என்றேன். இன்னும் சின்னதாக என்றாள். மதுரை ஜில்லா என்றேன், கூச்சத்தோடு. இந்தப் பனிக்காட்டில் மதுரைக்கு என்ன வேலை? ஆனால் அட்டை இருந்தது. நிலவறைக்குப் போய், அந்த ஜில்லாவைப் பற்றி ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதிய பழைய தடிப் புத்தகத்தை எடுத்து வந்து கையில் கொடுத்தாள். திறந்த பக்கத்தில் திண்டுக்கல் என்று அச்சில் இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோட்டை, புகையிலை, சிறுமலை வாழைப்பழம் என்று எல்லாம் இருந்தன. படிக்கப் படிக்கச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

கிணறுகளைப் பற்றி ஒரே ஒரு பத்தி இருந்தது. சமவெளியில் ஒரு கிணறு பல குடும்பங்களுக்குப் பொது, முறை வைத்து இறைத்துக்கொள்வார்கள் என்பதோடு முடித்துவிட்டார். இவ்வளவுதானா? எங்கள் கிணற்றைப் பற்றி இவரை விட எனக்கு அதிகம் தெரியுமே! அந்த இடத்தில்தான் எனக்கு டாபிக் கிடைத்தது.

எங்கள் கிணறு தாத்தா வெட்டியது. அவருக்கு மூன்று மகன்கள், ஆகவே மூன்று முறை. பொழுது விடியும்போது முறை மாறும். அன்றைக்கு யார் முறையோ அவர்கள் மாடுதான் கமலை இழுத்து இறைக்கும், அவர்கள் வாய்க்காலில்தான் தண்ணீர் ஓடும். மற்ற இரண்டு வீட்டாரும் தங்கள் வெண்டைச் செடி வாடினாலும் ஒரு குடம் இறைத்து ஊற்ற மாட்டார்கள். வாயால் சண்டை போடுவார்கள், வருடக்கணக்கில் பேசாமலும் இருப்பார்கள், ஆனால் முறையை மீற மாட்டார்கள். எங்கள் அப்பாதான் மூத்தவர். இப்போது அப்பா இல்லை, அவர் முறையில் அண்ணன் பாய்ச்சுகிறார். இதையெல்லாம் எழுதி ஆசிரியரிடம் காட்டினேன். கால் ஆட்டுவதை நிறுத்திவிட்டுப் படித்தார்.

"மிக நன்று. மகன்களுக்கு முறை பிரிகிறது. மகள்களுக்கு?"

நான் சிரித்துவிட்டேன். "மகள்கள் கல்யாணம் ஆகிப் போய்விடுவார்கள் சார்."

"நீங்கள் வழக்கத்தைச் சொல்கிறீர்கள். நான் கேட்பது உரிமையை. புத்தகத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் யாரையாவது கேட்டீர்களா?"

புத்தகத்தில் இல்லை, நான் யாரையும் கேட்டதுமில்லை. மிஸஸ் லார்சனிடம் போனேன். புத்தகத்தில் இல்லாததை மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும், கேள்விகளைச் சுற்றி வளைக்காமல் எண் போட்டு எழுதி அனுப்புங்கள் என்றாள். சுற்றி வளைக்காமல் எழுதினேன். அதுதான் நான் செய்த வேலை.

4

விமானக் கடிதத்தாளில் அண்ணனுக்கு நலம் விசாரித்து இரண்டு வரி. அதற்குக் கீழே வரிசையாக எண் போட்ட கேள்விகள். நம் கிணற்றில் யார் யாருக்கு எந்த நாள் முறை? அப்பாவின் முறை இப்போது யார் பெயரில் இருக்கிறது? மகளுக்கு முறை உண்டா? அவள் கேட்டால் கொடுப்பீர்களா? தாள் முடிந்துவிட்டது. எதற்குக் கேட்கிறேன் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று ஒட்டி அனுப்பிவிட்டேன். அப்போது எனக்கு அது வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும் என்று தோன்றவே இல்லை.

வெளிநாட்டுக் கடிதத்தை எங்கள் ஊரில் எப்படி வாசிப்பார்கள் என்பதையும் மறந்துவிட்டேன். அண்ணனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். என் கடிதம் வந்தால் பிரிக்காமல் டீக்கடைக்குக் கொண்டுபோவார். பள்ளிக்கூட வாத்தியார் உரக்க வாசிப்பார், பெஞ்சில் இருக்கிற எல்லோரும் கேட்பார்கள். பனி கொட்டியதையும் என் மகளுக்குப் பல் விழுந்ததையும் ஊரே கேட்டிருக்கிறது. அதில் அண்ணனுக்கு அவ்வளவு பெருமை. அன்றைக்கும் அப்படித்தான் கொண்டுபோயிருக்கிறார். பெஞ்சில் சித்தப்பா மகன்கள், அதாவது கிணற்றின் மற்றப் பங்காளிகள், உட்கார்ந்திருந்தார்கள். பெண்பிள்ளைக்கும் அப்பன் சொத்தில் பங்கு என்று டெல்லியில் சட்டம் வந்து, ஊர் ஊராக அண்ணன்மார் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. வாத்தியார் கடைசிக் கேள்வி வரை நிறுத்தி நிதானமாக வாசித்தாராம்.

அண்ணனிடமிருந்து பதில் வரவில்லை. பொங்கல் வந்தது. வருடம் தவறாமல் பொங்கலுக்குச் சீர் என்று மோர் மிளகாயும் சுண்டைக்காய் வற்றலுமாகக் கப்பலில் ஒரு பொட்டலம் அனுப்புவார். அந்த வருடம் அதுவும் இல்லை. கல்யாணமாகிப் போனவளுக்குச் சீர் நின்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கோ காரணம் தெரியவில்லை.

பிறகு ஒரு தடித்த உறை வந்தது, என் கணவர் பெயருக்கு. உள்ளே முத்திரைத்தாளில் ஒரு விடுதலைப் பத்திரம். அப்பாவின் நிலத்திலும் கிணற்றிலும் எனக்கு எவ்வித உரிமையும் பாத்தியமும் இல்லை என்று நான் எழுதிக் கொடுப்பதாக எழுதியிருந்தது. கையெழுத்து வாங்கி அனுப்பவும் என்று அவருக்கு ஒரு வரி. எனக்கு ஒரு வார்த்தை இல்லை.

"போட்டு அனுப்பிடு. அந்தத் தண்ணி நமக்கெதுக்கு?" என்றார் இவர்.

பேனாவை எடுத்தேன். மறுபடி மூடி வைத்தேன். நான் கேட்காத ஒன்றை, கேட்டதாகச் சொல்லி, இல்லை என்று எழுதித் தரச் சொல்கிறார்களே என்று ஆத்திரமாக வந்தது. மறுநாள் நூலகத்துக்குப் போனேன். இந்தத் தடவை மிஸஸ் லார்சன் துணை தேவைப்படவில்லை. இழுப்பறையில் இந்துச் சட்டம் என்று தேடி, அட்டையில் இருந்த எண்ணைப் பார்த்து, அலமாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டே படித்தேன். அந்தச் சட்டம் வந்த பிறகுதான் அப்பா இறந்தார். உயில் எழுதவில்லை. எனக்குப் பங்கு உண்டு.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பயம்தான் வந்தது. புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கையெழுத்தும் போடவில்லை, விளக்கம் சொல்லிக் கடிதமும் எழுதவில்லை. எழுதினால் அதையும் டீக்கடையில்தானே வாசிப்பார்கள்? கோடையில் ஊருக்குப் போகிறோம், நேரில் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆசிரியரிடம் பேப்பர் முடியவில்லை என்றேன். 'அரைகுறை' என்று போட்டு, திரும்பி வந்து முடிக்கச் சொன்னார். நம் ஊரில் அது வசவு, இங்கே சலுகை.

5

திண்டுக்கல் ஸ்டேஷனுக்கு அண்ணன் வந்திருந்தார். "வாங்க மாப்ளே" என்று இவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார். பிறகு என் பக்கம் பார்த்து, "வாங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமா?" என்றார். பிறந்ததிலிருந்து என்னை 'ஏ பாப்பா, வாடி, போடி' என்று கூப்பிட்டவர். ஓர் அறை விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. 

வீட்டில் என்ன நடந்தது என்று மதினிதான் சொன்னார். அடுப்படியில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "நீ கேட்டதுகூடப் பெருசில்ல தாயி. டீக்கடையில வச்சுக் கேட்டியே. அன்னைக்கு ஒங்கண்ணன் சோறு திங்கல" என்றார்.

"நான் எங்க மதினி டீக்கடையில கேட்டேன்?"

"பின்ன, ஒன் கடுதாசிய எங்க வாசிப்பாகன்னு ஒனக்குத் தெரியாதாக்கும்?"

மூன்றாம் நாள் எங்கள் முறை. விடிந்ததும் அண்ணன் பின்னாலேயே மகளைக் கூட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். கமலை போய்க் கரண்டு மோட்டார் வந்திருந்தது. முறை மட்டும் அப்படியேதான் இருந்தது. குழாய்த் தண்ணீர் விழும் தொட்டியைப் பார்த்ததும், இது மாமாவுடைய நீச்சல் குளமா என்று கேட்டுக்கொண்டே என் மகள் இறங்கிவிட்டாள். அண்ணன் மண்வெட்டியால் மடையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அது பரீட்சைக்குக் கேட்டது."

"எது?"

"அந்தக் கேள்வியெல்லாம். காலேஜ்ல எதப் பத்தியாச்சும் எழுதச் சொன்னாக. நம்ம கெணத்தப் பத்தி எழுதுனேன்."

மண்வெட்டியை நிறுத்தினார். "அமெரிக்காக்காரன் பரீட்சைக்கு நம்ம கெணறு எதுக்கு? அங்க கெணறே இல்லையா?"

"எனக்குத் தெரிஞ்சது இதுதானே."

"அத மொதல்ல எழுதுறதுக்கென்ன? ஒன் தங்கச்சி அங்கிட்டு இருந்துக்கிட்டே மடை திருப்பப் போகுதாம்லன்னு சித்தப்பாவோட சின்ன மகன் கேக்குறான். கடையே சிரிக்குது. நான் மூஞ்சிய எங்க கொண்டு வைக்கிறது?"

"அதுக்காக என்னைய ஒரு வார்த்தை கேக்காம, அவருக்குப் பத்திரம் அனுப்புவியா?"

அவர் குனிந்து மடையில் ஒரு வெட்டு மண்ணை இழுத்துப் போட்டார். நானும் விடவில்லை. "சரி, பேப்பர் இன்னும் முடியல. கேட்டதுக்குப் பதில் சொல்லு. மகளுக்கு மொறை உண்டா, இல்லையா?"

மண்வெட்டியை வரப்பில் குத்தி வைத்தார். "இல்லைன்னு எழுதச் சொல்லத்தான் வாத்தியார்ட்டப் போனேன். எதுக்கும் இருக்கட்டும்னு வக்கீலக் கேட்டா, உண்டுன்னுட்டாரு. இல்லைன்னா பொய்யாப் போகும். உண்டுன்னு எழுத எனக்கு மனசு வரல. அதான் பத்திரம். ரெண்டு பயலுக வளந்து நிக்கிறானுக. இருக்கிறதே இம்புட்டுத் தண்ணி. இதுலயும் பிரிஞ்சா என்னத்த வெள்ளாமை வைக்க?"

கைப்பையிலிருந்து பத்திரத்தை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பிரித்து, கடைசித் தாளின் அடியைத்தான் முதலில் பார்த்தார்.

"போடலையா?"

"போடல. போடவும் மாட்டேன்."

"அப்ப, பங்கு கேக்குற?"

"கேக்கவும் மாட்டேன்."

"இது என்ன பேச்சு? ரெண்டுல ஒண்ணச் சொல்லு."

"எனக்குப் பாத்தியமே இல்லைன்னு எழுதிக் குடுத்தா, நான் அப்பாவுக்குப் பெறக்கவே இல்லைன்னு எழுதிக் குடுத்த மாதிரி அண்ணே. அதுக்கு நான் ஒத்துக்கிற மாட்டேன். தண்ணி ஒனக்குத்தான்."

"அப்ப நான் எத நம்பி இருக்கிறது?"

"என்னைய நம்பி."

அவர் என்னைப் பார்த்தார், பத்திரத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "கிழிச்சுப் போட்டுரவா?" என்று கேட்டேன்.

"வேணாம்" என்றார். நான்காக மடித்து என் கையில் கொடுத்தார். "ஒங்கிட்டயே இருக்கட்டும். ஒம் மக இம்புட்டு நேரமா நனையிது, போயித் தூக்குடி."

6

திரும்பி வந்ததும் கடைசிப் பக்கத்தை எழுதி முடித்தேன். மகளுக்கு முறை உண்டா என்ற கேள்விக்கு, 'உண்டு, ஆனால் அவள் கேட்பதில்லை' என்று எழுதினேன். புத்தக ஆதாரம் எதுவும் இல்லையே என்று மிஸஸ் லார்சன் யோசித்து, சொன்னவர் யார், எங்கே வைத்துச் சொன்னார் என்று அடிக்குறிப்புப் போடச் சொன்னாள். போட்டேன்.

ஆசிரியர் நல்ல மதிப்பெண்தான் கொடுத்தார். அந்த வரிக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில், 'ஏன் கேட்பதில்லை?' என்று எழுதியிருந்தார். இன்னொரு பேப்பருக்கு நல்ல டாபிக் என்றும் சேர்த்திருந்தார்.

அதற்கு நான் எந்த இழுப்பறையையும் திறந்து பார்க்கவில்லை. கேட்டால் மூன்று நாளைக்கு ஒரு முறை வருகிற தண்ணீரில் எனக்கும் கொஞ்சம் கிடைக்கும். அதன் பிறகு ஸ்டேஷனுக்கு அண்ணன் வர மாட்டார்.